மஞ்சள் தீயா? உஷார்!

குக்கர் அடியில் திடீரென்று கரி பிடிக்கிறதா? 'இந்தத் தடவை சிலிண்டரே சரியில்லை'ன்னு அலுத்துக்கொள்ளாதீர்கள். முதலில் குனிந்து தீயைப் பாருங்கள். நீலமாக எரிந்தால் கவலையில்லை. மஞ்சளாக ஆடினால், கேஸோடு போதுமான காற்று கலக்கவில்லை என்று அர்த்தம்.

பெரும்பாலும் காரணம் நேற்று பொங்கின பால்தான்! அது பர்னர் ஓட்டைகளை அடைத்துவிடும். அடுப்பு நன்றாக ஆறினதும் பர்னரைக் கழற்றி, சோப்புத்தூள் கலந்த சுடுதண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, பழைய டூத்பிரஷால் தேயுங்கள். (பித்தளை பர்னர் என்றால் இருக்கவே இருக்கு புளி!) ஓட்டைகளைக் குண்டூசியால் குத்தலாம், பெரிதாக்கிவிடக் கூடாது. ஈரம் துளிகூட இல்லாமல் காய்ந்த பிறகு, கோணாமல் பொருத்துங்கள். அப்படியும் மஞ்சள் போகலையா? ஜெட்டிலோ, காற்று வரும் வழியிலோ கோளாறு இருக்கலாம். அதில் கைவைக்காமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

கரி பாத்திரத்தோடு நின்றால் தேவலை. அரைகுறையாக எரியும் கேஸ் கார்பன் மோனாக்சைடை வெளிவிடும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஜன்னலைச் சாத்திக்கொண்டு சமைக்கும்போது தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வந்து, வெளியே வந்தால் தெளிகிறதா? 'பித்தம்'னு கஷாயம் போடறதுக்கு முன்னாடி அடுப்பைச் சந்தேகப்படுங்கள். டாக்டரிடமும் இதை மறக்காமல் சொல்லுங்கள்.

கேஸ் கசிவு இருக்குமோ என்று சந்தேகமா? ட்யூப் மேல் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழி வந்தால் கசிவுதான். தீக்குச்சி கிழித்துப் பார்க்கும் வீரமெல்லாம் வேண்டாம்! வாடை பலமாக அடித்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள், எக்ஸாஸ்ட் ஃபேன் உட்பட. வெளியே வந்து 1906க்குப் போன் செய்யுங்கள்.