விளாதிமிர் இறையன்னை ஓவியம்: தோற்றமும் பாதுகாப்பும்

உருசிய நாட்டின் தொன்மையான கிறித்தவத் திருவோவியங்களுள் புகழ்மிக்கது விளாதிமிர் இறையன்னை. நற்செய்தியாளர் லூக்கா இதனை வரைந்தார் என்பது திருச்சபை மரபு. ஓவியப் பாணியோ, இது 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கான்ஸ்டாண்டிநோபிளில் உருவானதெனக் காட்டுகிறது. அங்கிருந்து கீவ் பகுதிக்கு வந்த ஓவியத்தை இளவரசர் அந்திரேய் பகலியூப்ஸ்கி 1155இல் வடக்கே கொண்டுசென்றார். விளாதிமிர் நகரப் பேராலயத்தில் இடம்பெற்றமையால் இப்பெயர் அமைந்தது. 1395இல் மாஸ்கோவை அடைந்தது. 1930இல் திரெத்தியாக்கோவ் கலைக்கூடத்தில் சேர்க்கப்பட்டது.

முட்டைக்கரு கலந்த வண்ணத்தால் மரப்பலகையில் தீட்டப்பெறும் இவ்வகை ஓவியங்களின்மீது காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் பூசுவர். காலப்போக்கில் அப்பூச்சு கறுக்கும். மெழுகுவர்த்திப் புகையும் அதில் படியும். உருவம் மங்கியபோதெல்லாம் பழையதன் மேலேயே புதிதாகத் தீட்டினர். 1918-1919இல் ஈகர் கிராபார் தலைமையிலான குழுவினர் இவ்வடுக்குகளைப் படிப்படியாக அகற்றினர். அன்னை, குழந்தை ஆகிய இருவரின் முகங்களும் சில சிறு பகுதிகளுமே 12ஆம் நூற்றாண்டுக்குரியன. ஆடையும் பின்புலமும் பெரும்பாலும் பிற்காலத்தன என்பது தெளிவாயிற்று.

பிற்கால அடுக்குகள் அனைத்தையும் நீக்கினால் மூலம் கிடைத்துவிடுமா? மூல வண்ணம் அழிந்த இடத்தில் எஞ்சுவது வெறும் பலகையே. பதிப்பாசிரியர் இடைச்செருகலென ஒதுக்கும் பாடல் சுவடியில் எஞ்சியிருக்கும். ஓவியத்தில் சுரண்டப்பட்ட அடுக்கு மீளாது. ஆகவே மூலம் எஞ்சாத இடங்களில் பிற்கால வண்ணம் காக்கப்பட்டது. தோற்றத்தை ஆராயும் கை, எங்கு நிற்க வேண்டும் என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும்.