நகத்துக்குள் ஒரு மாமரப் பூஞ்சை

கோயிலுக்குப் போகும்போதுதான் எனக்குக் கால் நகம் ஞாபகத்துக்கு வரும். பிரிக்ஃபீல்ட்ஸ் ஸ்காட் ரோடு கந்தசுவாமி கோயில் வாசலில் சப்பாத்தைக் கழற்றி, காலுறையைச் சுருட்டி அதற்குள் திணித்துவிட்டு, குழாயடியில் கால் நனைக்கும் அந்த அரை நிமிடம். பக்கத்தில் நிற்பவரின் கண் கீழே போகிறதா என்று ஓரமாகப் பார்ப்பேன். வலது பெருவிரல் நகம் பழைய செய்தித்தாள் நிறத்துக்கு வந்து, தடித்து, நுனியில் தூக்கிக்கொண்டு நின்றது. வெட்டினால் துண்டாக விழாது. மரத்தூள் மாதிரி உதிரும்.

மூன்று வருடம் அப்படியே விட்டேன். வலி இல்லை. கால் நகத்துக்காக யார் எம்.சி. எடுத்திருக்கிறார்கள்?

வீட்டில் எல்லாரும் இதை நகச்சுத்தி என்றார்கள். நகச்சுத்தி வேறு. அது வந்தால் விரல் நுனி சிவந்து வீங்கி இரவு முழுக்க விண்விண்ணென்று தெறிக்கும். எலுமிச்சம்பழத்தில் விரலைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பெரும்பாலும் பாக்டீரியாவின் வேலை. எனக்கு வந்திருந்தது நகச்சொத்தை, சத்தம் போடாத பூஞ்சை. மலாய் நண்பர்கள் ‘குலாட் கூக்கு’ என்பார்கள். இதற்கு ஒரு தம்பி உண்டு: விரலிடுக்கில் வெள்ளையாக ஊறி அரிக்கும் சேற்றுப்புண். சீனர்கள் அந்தத் தம்பிக்கு வைத்திருக்கும் பெயர் ‘ஹாங்காங் கால்’. நம் பாட்டன்மார் சேற்றின்மேல் பழி போட்டார்கள், அவர்கள் ஹாங்காங்கின்மேல்.

முதல் வைத்தியம் வழக்கம்போல் கோடாலித் தைலம். சிரிக்க வேண்டாம். 2011இல் அமெரிக்க மருத்துவர்கள் சிலர், நகச்சொத்தை உள்ள 18 பேரை 48 வாரம் நாள்தோறும் விக்ஸ் தடவச் சொல்லிப் பார்த்தார்கள். 5 பேருக்கு முழுக்கக் குணம், 10 பேருக்கு ஓரளவு, 3 பேருக்கு ஒன்றுமே இல்லை. கற்பூரம், மெந்தால், யூகலிப்டஸ் எல்லாமே பூஞ்சைக்குக் கொஞ்சம் ஆகாதவைதான். ஆனால் தைலம் தடவாத இன்னொரு கூட்டத்தை அவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. 18 பேரை வைத்து உலகத்துக்கு வைத்தியம் சொல்லவும் முடியாது. அதைவிட முக்கியம், 48 வாரம் ஒரு நாள்கூட விடாமல் தடவ வேண்டும். நான் தடவியது மொத்தம் ஒன்பது நாள்.

நகம் என்பது செத்த செல்கள் தகடு தகடாக இறுகிய கெராட்டின். ரத்தக் குழாய் கிடையாது, நரம்பு கிடையாது. தோலுக்குப் போடும் களிம்பு எண்ணெய்ப் பசையின் வழியே உள்ளே இறங்கும். நகத்தில் அந்த வழி ஏறக்குறைய இல்லை. மேலே எவ்வளவு பூசினாலும் பெரும்பகுதி காலுறைக்குத்தான் போகிறது. பூஞ்சையோ நகத்தின் அடியில், நகத்துக்கும் சதைக்கும் நடுவே குடியிருக்கிறது. கெராட்டினை இறுக்கிப் பிடித்திருப்பவை கந்தகப் பிணைப்புகள். பூஞ்சை சல்ஃபைட்டைக் கசியவிட்டு அவற்றைத் தளர்த்தி, பிறகு நொதிகளை அனுப்பிச் சாப்பிடுகிறது. நாம் உதிர்த்துத் தள்ளும் மாவு, அந்தச் சாப்பாட்டின் மிச்சம்.

இன்னொரு சங்கடம், வளர்ச்சி. கால் பெருவிரல் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர்தான் நகரும். கை நகம் அதைப்போல் இரண்டு மடங்கு. கால் நகம் வேரிலிருந்து நுனிவரை முழுதாக மாற 12 முதல் 18 மாதம் பிடிக்கும். கெட்டுப்போன நகத்தை எந்த மருந்தாலும் திருத்த முடியாது. பூஞ்சை செத்த பிறகும் பழைய மஞ்சள் அங்கேயேதான் இருக்கும். பின்னால் வரும் புது நகம் அதைத் தள்ளிக்கொண்டு போய் நுனியில் விட்டால்தான் உண்டு. மூன்றாம் மாதம் கண்ணாடி வைத்துப் பார்த்து ‘ஒன்றும் ஆகவில்லையே’ என்று மருந்தை நிறுத்துகிறவர்கள் பலர், நகத்தின் நாட்காட்டியைப் பார்க்க மறந்தவர்கள்.

தைலத்தை விட்டதுபோல் மாத்திரையை நான் விடவில்லை. ஒரு கிளினிக்கில், எந்தக் கிளினிக் என்பது வேண்டாம், மருத்துவர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தே எட்டிப் பார்த்தார். “ஃபங்கஸ்தான் ஐயா. மூணு மாசம் மாத்திரை சாப்பிடுங்க, சரியாயிடும்.” கல்லீரலுக்கு ரத்தப் பரிசோதனை எழுதினார், அந்த மட்டும் நல்லது. டெர்பினஃபைன் 250 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஒன்று, 12 வாரம். 84 மாத்திரையையும் எண்ணி விழுங்கினேன்.

டெர்பினஃபைன் லேசான மருந்து அல்ல. 1970களில் வியன்னாவில் சாண்டோஸ் நிறுவன ஆய்வாளர்கள் நரம்பு மண்டலத்துக்கு மருந்து தேடிக்கொண்டிருந்தபோது, பூஞ்சையைக் கொல்லும் ஒரு வேதிக் குடும்பம் தற்செயலாகக் கையில் சிக்கியது. அந்தக் குடும்பத்தில் பின்னால் பிறந்தது இது. பூஞ்சைக்குத் தன் செல்சுவருக்கு அடியில் உள்ள சவ்வைக் கட்ட எர்கோஸ்டெரால் என்ற பொருள் தேவை. டெர்பினஃபைன் அதைச் செய்யும் வழியை நடுவில் அடைத்துவிடும். சவ்வு ஓட்டையாகிறது, ஸ்குவாலின் என்ற எண்ணெய்ப் பொருள் உள்ளே தேங்கிப் பூஞ்சைக்கு நஞ்சாகிறது. 1996இல் அமெரிக்காவில் மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. அதற்கு முன்பிருந்த கிரிசியோஃபல்வினை கால் நகத்துக்கு ஒரு வருடத்துக்கு மேல் விழுங்க வேண்டியிருந்தது.

ஆனாலும் மருந்தோடு வரும் தாளில் ஒரு எண் இருக்கிறது. அமெரிக்கச் சோதனைகளில் கால் நகத்தில் பூஞ்சை ஒழிந்தவர்கள் 70 சதவீதம். பூஞ்சையும் ஒழிந்து நகமும் பழையபடி ஆனவர்கள் 38 சதவீதம். இருப்பதிலேயே நல்ல மருந்தின் கணக்கு இது. நகத்தில் பூசும் எஃபினகோனசோலுக்கு இரண்டு சோதனைகளிலும் முழுக் குணம் 20 சதவீதத்தைத் தொடவில்லை.

டெர்பினஃபைன் மாத்திரை யாரைக் குறிவைத்தது என்பதில் நம் ஊர்ப் பக்கத்துக் கதை ஒன்று உண்டு. உலகத்தில் பெரும்பாலான நகச்சொத்தைக்குக் காரணம் டிரைக்கோஃபைட்டான் ரூப்ரம். அதை 1910இல் முதலில் விவரித்தவர் அல்டோ காஸ்டெல்லானி என்ற இத்தாலியர். அவர் அப்போது வேலை பார்த்த ஊர் கொழும்பு. தென்கிழக்காசியாவிலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் அது நெடுங்காலமாகப் படர்தாமரையாக உடம்பில் ஊர்ந்துகொண்டிருந்தது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வெறுங்காலில் நடந்தவர்களிடம் அதற்குக் கால் நகத்தில் பெரிய வேலை இல்லை. காலனிப் படைகளோடும் வியாபாரிகளோடும் கப்பலேறி, நாள் முழுக்கச் சப்பாத்துக்குள் வேர்க்கிற ஐரோப்பியக் கால்களைக் கண்டதும்தான் நகத்தில் நிலபுலன் வாங்கியது. பிறகு நாமும் சப்பாத்துப் போட ஆரம்பித்தோம். கைமாறிப் போனது திரும்பி வந்தது.

கிள்ளானில் கொமுட்டர் ஏறி, கேஎல் சென்ட்ரலில் இறங்கி, மாலை மழையில் நனைந்த சப்பாத்தோடு மறுநாளும் அலுவலகம் போகிறவனுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. 2021 டிசம்பர் வெள்ளத்தில் தாமான் ஸ்ரீ மூடாவிலும் கிள்ளான் பக்கமும் தண்ணீர் வடிந்த பிறகு, நாங்கள் சப்பாத்துகளை வேலி மேல் கவிழ்த்து உலர்த்தி, அவற்றையே மறுபடி மாட்டிக்கொண்டோம்.

84 மாத்திரை முடிந்து ஒன்பது மாதம். நகம் மாறவில்லை. அடியில் புதிதாக வந்த பகுதியும் மஞ்சளாகவே வந்தது. அப்போதுதான் தோல் நிபுணரிடம் போனேன்.

அந்த அம்மா என் காலைத் தன் முழங்காலுக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டார். எனக்குக் கூச்சம், அவருக்கு இல்லை. சாராயம் தோய்த்த பஞ்சால் துடைத்தார். தூக்கிக்கொண்டிருந்த நுனியை வெட்டிக் குப்பையில் போட்டார். “அதுல ஒண்ணும் கிடைக்காது ஐயா, எல்லாம் செத்தது. உள்ளதான் உயிரோட இருக்கும்.” பிறகு சிறிய கரண்டி போன்ற கருவியை நகத்துக்கு அடியில் விட்டு, நல்ல நகம் தொடங்கும் எல்லைவரை போய்ச் சுரண்டினார். வெள்ளைத் தூள் ஒரு கறுப்புக் காகிதத்தில் விழுந்தது. ஒரு சிட்டிகை திருநீறு அளவு. காகிதத்தை நாலாக மடித்தார். பாதி நுண்ணோக்கிக்கு: பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறினால் நகம் கரைந்து பூஞ்சை இழைகள் மட்டும் நிற்கும். மறு பாதி தட்டில் வளர்க்க.

“போன தடவை இதைச் செஞ்சாங்களா?” என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

நகம் தடித்து மஞ்சளானால் பாதிப் பேருக்குத்தான் அது பூஞ்சை. மீதிப் பேருக்குச் சொரியாசிஸ், இறுக்கமான சப்பாத்தின் இடி, வயது என்று வேறு காரணங்கள். எட்டிப் பார்த்துச் சொல்வது கிட்டத்தட்ட நாணயம் சுண்டுவது. இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990களின் கடைசியில் சேர்த்த நகச் சீவல்களிலும், யுகேஎம் மருத்துவர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்விலும், ரூப்ரத்தின் குடும்பத்தைச் சேராத பூஞ்சைகள் கணிசமாக வளர்ந்தன. அவற்றில் சில காற்றிலிருந்து வந்து விழுந்த விருந்தாளிகளாக இருக்கலாம். அதனால்தான் ஒரு முறைக்கு இரு முறை சீவல் எடுப்பார்கள். என்னிடமும் எடுத்தார்கள்.

ரூப்ரம் தட்டில் முளைக்க இரண்டு மூன்று வாரம் எடுக்கும். என் நகத்தில் இருந்தது சில நாளிலேயே தட்டு முழுக்கப் பரவி, மூடியைத் தொட்டுக்கொண்டு நின்றது. கைபேசியில் படம் காட்டினார்: சாம்பலும் கறுப்புமாக, அடுப்பங்கரைப் புகை படிந்த பஞ்சு மாதிரி. நியோசைட்டாலிடியம் டிமிடியாட்டம். அது மனிதப் பூஞ்சையே அல்ல, மரப் பூஞ்சை. 1933இல் எகிப்தில் பழ மரங்களை வாட்டிய நோய்க்காக வேறொரு பெயரில் எழுதப்பட்டது. மாமரத்தின் கிளையை நுனியிலிருந்து காய வைக்கும். மலேசியாவில் சிவப்பு டிராகன் பழச் செடியின் தண்டில் புண் புண்ணாக வருகிறதே, அதுவும் இதன் கைவரிசைதான் என்று பினாங்கின் அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் காட்டினார்கள்.

இது மனித நகத்திலும் வளரும் என்பதை 1970இல் பிரிட்டனில் கண்டுசொன்னவர்கள் ஜென்டில்ஸ், எவன்ஸ் என்ற இருவர். நோயாளிகள் வெப்ப நாடுகளிலிருந்து அங்கே குடிவந்தவர்கள். இதே ஜென்டில்ஸ்தான் 1958இல் கிரிசியோஃபல்வினை கினிப் பன்றிகளுக்குத் தின்னக் கொடுத்து, பூஞ்சை நோயை வாய்வழி மருந்தால் குணமாக்கலாம் என்று காட்டியவர். மாத்திரைக்கு வழி திறந்தவர் கையிலேயே, மாத்திரைக்கு மசியாத பூஞ்சையும் வந்து சேர்ந்தது. கிரிசியோஃபல்வினும் சரி, என் 84 டெர்பினஃபைனும் சரி, இதன்முன் பெரும்பாலும் வீண்.

இதில் இன்னொரு குறும்பு. ஆய்வகத்தில் தேவையற்ற பூஞ்சைகளைத் தடுக்க, வளர்ப்புத் தட்டில் சைக்ளோஹெக்ஸமைடு என்ற பொருளைக் கலப்பது வழக்கம். ரூப்ரம் அதைத் தாங்கும். நியோசைட்டாலிடியம் தாங்காது. கலந்த தட்டில் மட்டும் வளர்த்தால் முடிவு ‘ஒன்றும் இல்லை’ என்று வரும். நோயாளி சுத்தமான அறிக்கையோடும் அழுக்கான நகத்தோடும் வீடு போவார். எனக்கு இரண்டு வகைத் தட்டிலும் போட்டிருந்தார்கள். ஒன்றில் சாம்பல் காடு, மற்றதில் வெறும் தட்டு.

எங்கள் வீட்டுப் பின்புறம் ஒரு மாமரம் நிற்கிறது. வெறுங்காலோடுதான் சருகு கூட்டுவேன். அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் இப்போது செருப்புப் போட்டுக்கொண்டு கூட்டுகிறேன்.

வைத்தியம் என்று சொல்ல, இந்தப் பூஞ்சைக்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட மாத்திரை கிடையாது. 40 சதவீத யூரியாக் களிம்பைப் போட்டு மேலே பிளாஸ்டர் ஒட்டி வைத்தால், கெட்ட பகுதி மட்டும் ஊறவைத்த அவல் மாதிரி இளகும். அதை வலியில்லாமல் வழித்தெடுக்கலாம். மிச்சத்தை அரத்தால் தேய்த்து மெலிதாக்கி, அமோரோல்ஃபைன் என்ற பூச்சை வாரம் ஒரு முறை. நகப் பாலிஷ் மாதிரிக் குப்பியில் வரும். அந்த அரம் அந்த நகத்துக்கு மட்டும். வீட்டில் மற்றவர் தொடக்கூடாது. குடும்பத்துக்கே ஒரு நகவெட்டி என்ற நம் வழக்கத்தையும் நிறுத்தியாகிவிட்டது.

ரூப்ரம் உள்ளவர்களுக்கு டெர்பினஃபைனோ இட்ராகோனசோலோதான் இன்றைக்கும் முதல் வழி. இட்ராகோனசோல் கொழுப்புக்குச் சாப்பிடும் சிம்வாஸ்டாட்டினோடு சேரக்கூடாது, இதயம் பலவீனமானவர்களுக்கும் ஆகாது. சாப்பிடும் மருந்துப் பட்டியலை மருத்துவரிடம் காட்டாமல் தொட வேண்டாம். நீரிழிவு உள்ளவர்கள் என்னைப்போல் மூன்று வருடம் விட்டுவைக்கக் கூடாது. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 18.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு. நம்மவரிடையே அது மற்றவர்களைவிட அதிகம். உணர்ச்சி மரத்த காலில் தடித்த நகம் பக்கத்து விரலைக் குத்திக் கிழித்தாலும் தெரியாது, புண் அங்கிருந்துதான் தொடங்கும். நகத்தில் கறுப்புக் கோடு புதிதாகத் தோன்றி அகலமானால் அது வேறு கதை; பூஞ்சை என்று நினைத்துப் பூசிக்கொண்டிருக்காமல் உடனே காட்ட வேண்டும், புற்றுநோயாகவும் இருக்கலாம். அரசாங்கக் கிளினிக்கில் 1 வெள்ளி கொடுத்துப் பார்த்து, அங்கிருந்து நிபுணருக்குக் கடிதம் வாங்கலாம்.

தீபாவளிக்கு முந்தின நாள், நகத்தின் அடியில் தோலை ஒட்டி, அரத்தால் மெல்லிசாக ஒரு கோடு இழுத்தேன். மருத்துவர் சொன்னதல்ல, என் பொறுமைக்கு ஒரு அளவுகோல். தைப்பூசத்தன்று பத்துமலையில் 272 படியும் ஏறி இறங்கி, கீழே கால் கழுவும்போது பார்த்தேன். கோடு நாலு மில்லிமீட்டர் தள்ளிப் போயிருந்தது. அதற்குப் பின்னால் இளஞ்சிவப்பு, முன்னால் பழைய மஞ்சள். மனைவி குனிந்து பார்த்துவிட்டு, “சித்திரைப் பொறப்புக்குள்ள பாதி வந்துரும்” என்றாள். மனசுக்குள் வகுத்துப் பார்த்தேன். வராது. வைகாசி ஆகும்.