இறால் குளத்தில் நோய்: வருமுன் காப்போம்



நம் கடலில் முத்துக்குளித்தல் 1961-ஆம் ஆண்டோடு ஓய்ந்துவிட்டது. அதன்பின் இக்கரையோர மக்கள் தேடிக்கொண்ட தொழில்களில் இறால் வளர்ப்பும் ஒன்று. நம்மவர்களில் சிலர் தனியாகவும், சிலர் நான்கைந்து பேர் பங்கு சேர்ந்தும் குளம் எடுத்து நடத்துகிறார்கள். வீட்டுப் பெண்களின் நகையும் வெளிநாட்டுச் சம்பாத்தியமும் அதில் முதலாகக் கிடக்கின்றன. ஆகவே இதைக் குடும்பத்தார் அனைவரும் படிக்க வேண்டுகிறோம்.

வெள்ளைப் புள்ளி நோய் 1990-களின் நடுவில் ஆந்திராவிலும் தமிழ்நாட்டிலும் ஏராளமான பண்ணைகளை அழித்தது. இது வைரஸ் நோய். தொற்றிய குளத்தில் 3 முதல் 10 நாட்களுக்குள் மொத்த இறாலும் செத்துப்போகக் கூடும். மருந்து கிடையாது. மனிதருக்கு இது தொற்றாது. ஆனால் கடனாளி ஆக்கிவிடும்.

குஞ்சு விடும் முன்

அறுவடைக்குப் பின் குளத்துக் கறுப்பு வண்டலை அகற்றி, தரை வெடிக்கும்வரை காயவிட்டு, சுண்ணாம்பு இட வேண்டும். கடல்நீரையோ கழிநீரையோ நேரே குளத்தில் பாய்ச்சக் கூடாது. நெருக்கமான வலைத்துணியில் வடிகட்டி, தனித் தேக்கத்தில் பிளீச்சிங் பவுடர் போட்டு, குளோரின் நீங்கிய பிறகே விட வேண்டும். நண்டும் பறவையும் நோயைச் சுமந்து வரும். நண்டு வேலியும் பறவைக் கயிறும் வீண்செலவல்ல.

பதிவுபெற்ற பொரிப்பகத்தில், பி.சி.ஆர். பரிசோதனை செய்த குஞ்சுகளையே வாங்குங்கள். 2009 முதல் நம் நாட்டில் வளர்க்க அனுமதிக்கப்பட்ட வெண்ணாமி இறாலின் தாய் இறால்கள் வெளிநாட்டிலிருந்து வந்து, சென்னை நீலாங்கரையில் தனிமைப்படுத்திச் சோதிக்கப்படுகின்றன. ஆனால், "நோயில்லாத குஞ்சு" என்றால் "நோயே வராத குஞ்சு" என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். குளம் கெட்டிருந்தால் அதற்கும் நோய் வரும்.

வளர்க்கும்போது

வெண்ணாமிக்குச் சதுர மீட்டருக்கு 60 குஞ்சு என்பதே விதித்த உச்ச அளவு. பேராசைப்பட்டு நெருக்கி விட்டால் கழிவு கூடும், ஆக்சிஜன் குறையும், இறால் தளரும். தளர்ந்த இறாலைத்தான் நோய் முதலில் பிடிக்கும். விடியற்காலையில் ஆக்சிஜன் மிகவும் இறங்கும். அந்நேரம் ஏரேட்டர் நிற்கக் கூடாது. தீவனத் தட்டை நாள்தோறும் பாருங்கள். தீனி மிஞ்சினாலோ, இறால் கரையோரம் சோர்ந்து ஒதுங்கினாலோ உடனே பரிசோதனைக்குக் கொடுங்கள். வளர்ச்சி குன்றி, வெள்ளை நூல்போலக் கழிவு மிதந்தால் ஈ.எச்.பி. என்ற நுண்ணுயிரியாகவும் இருக்கலாம். ஒரு குளத்து வலையையும் வாளியையும் அடுத்த குளத்தில் இறக்காதீர்கள்.

கடைக்காரர் சொன்னார் என்று ஆன்டிபயாடிக் போடுவது பெருந்தவறு. வைரஸை அது தொடாது. குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் போன்றவை தடை செய்யப்பட்டவை. அவற்றின் எச்சம் தெரிந்தால் ஏற்றுமதிச் சரக்கே திரும்பிவிடும்.

நோய் வந்துவிட்டால்

மதகைத் திறக்காதீர்கள். இதுவே முதல் விதி. நோய்நீரை ஓடையில் விட்டால், அதே ஓடையில் நீர் எடுக்கும் அடுத்த பண்ணையும் சாகும். விற்கும் அளவுக்கு வளர்ந்திருந்தால் நீரை வெளியேற்றாமல் வலைவீசிப் பிடியுங்கள். பின்பு நீரில் குளோரின் இட்டு, சில நாட்கள் அடைத்து வைத்தே வெளியேற்றுங்கள். செத்தவற்றைச் சுண்ணாம்பிட்டுப் புதையுங்கள்.

பக்கத்துப் பண்ணைக்காரருக்கு அன்றே சொல்லுங்கள். "வெளியே தெரிந்தால் வியாபாரி விலையைக் குறைப்பான்" என்று மறைப்பவர் உண்டு. அண்டையாரின் முதலும் நமக்கு அமானிதமே. இன்று நாம் மறைத்தால் நாளை அவரும் மறைப்பார். நஷ்டம் சுற்றி நம் குளத்துக்கே வரும்.

பண்ணையைக் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் பதிவு செய்வது 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம். சந்தேகம் எழுந்தால் நம் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியையே அணுகலாம். பங்குதாரர்கள் முதலையும் நஷ்டப் பொறுப்பையும் தொடக்கத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அல்லாஹ் நம் அனைவரின் உழைப்பிலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.