வீட்டுக்குள் மைதானம் – 6: ஐந்து மில்லிமீட்டர் பந்து

2022 உலகக் கோப்பை தொடங்கும் முன்பு, கொச்சிப் பக்கம் முண்டக்காமுகள் என்ற ஊரில் 17 பேர் சேர்ந்து பணம் போட்டு ஒரு வீட்டையே வாங்கினார்கள். விலை 23 லட்சம் ரூபாய். சுவர்களுக்கு பிரேசில், அர்ஜென்டினா, போர்ச்சுகல் நிறங்களை அடித்தார்கள். மெஸ்ஸி, நெய்மார், ரொனால்டோ கட்-அவுட்கள் எழுந்தன. உள்ளே ஒரு பெரிய டிவி. பல வருடங்களாக ஒன்றாக உட்கார்ந்து ஆட்டம் பார்த்தவர்கள், அந்தப் பழக்கத்துக்குச் சொந்தமாக ஒரு கூரை இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறார்கள். எனக்கு அது வீண் செலவாகத் தெரியவில்லை. கால்பந்து கூடிப் பார்க்கவேண்டிய ஆட்டம்.

நாம் வீடு வாங்கவேண்டாம். இருக்கிற ஹாலை ஒழுங்கு செய்தால் போதும். எங்கே தொடங்குவது? பந்திலிருந்து தொடங்கலாம்.

கால்பந்தின் விட்டம் சுமார் 22 சென்டிமீட்டர். ஆடுகளத்தின் நீளம் 105 மீட்டர். உயரத்தில் இருக்கும் முக்கியக் கேமரா, அகலக் காட்சியில் சுமார் 50 மீட்டரைக் காட்டுவதாக வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். 55 அங்குல டிவியில் பந்து ஐந்து மில்லிமீட்டர் அளவுக்குத்தான் வரும். கைப்பேசியில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை, கடுகைவிடச் சிறிது. முழு எச்.டி. படத்தில் அந்தப் பந்துக்குக் கிடைப்பது எட்டுப் புள்ளிகள். இணையம் தள்ளாடி, படத்தின் தரம் 480-க்கு இறங்கினால் நான்கு புள்ளிகள்கூடத் தேறாது. பந்து எங்கே என்று தேடுவதிலேயே ஆட்டம் போய்விடும்.

அதனால் பெரிய திரைக்குச் செலவழிப்பதற்கு முன், இருக்கிற திரைக்குப் படம் தடையில்லாமல் வருகிறதா என்று பாருங்கள். நம் வீடுகளின் சுவர்கள் கனமானவை. உள்ளறையில் இருக்கும் ரூட்டரின் வைஃபை, ஹாலுக்கு வருவதற்குள் பாதி வலுவை இழந்துவிடும். ரூட்டரிலிருந்து டிவிக்கு நேராக ஒரு லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். பெரிய ஆட்டத்துக்கு இதைவிட நல்ல முதலீடு எனக்குத் தெரியவில்லை. கூடவே, டிவி இன்வெர்ட்டர் லைனில் இருந்து, ரூட்டர் மட்டும் வெறும் லைனில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பல வீடுகளில் அப்படித்தான் இருக்கும்.

55 அங்குல டிவிக்கு ஏழரை அடி தூரம், 43 அங்குலத்துக்கு ஆறடிக்குச் சற்றுக் குறைவு. சோபாவை அங்கே நகர்த்துங்கள். டிவியின் செட்டிங்கில் ‘மோஷன் ஸ்மூத்திங்’ போன்ற பெயரில் ஒரு வசதி இருக்கும். இல்லாத படங்களை இடையிடையே கற்பனை செய்து செருகுவது அதன் வேலை. வேகமாகப் போகும் பந்துக்கு அது வால் முளைக்க வைக்கும். அணைத்துவிடுங்கள்.

இனிமேல்தான் உண்மையான தலைவலி. தாமதம்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் பெரிய ஆட்டம் பார்த்த எல்லோருக்கும் இந்த வேதனை தெரியும். நம் திரையில் பந்து நடுக்களத்தில் உருண்டுகொண்டிருக்கும், கீழ் வீட்டில் “கோல்!” என்று அலறுவார்கள். காரணம் எளிமையானது. டிஷ் வழியாக வரும் படம் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள செயற்கைக்கோளுக்குப் போய்த் திரும்பினாலும், அந்தப் பயணத்துக்குக் கால் நொடிதான் ஆகிறது. படத்தைச் சுருக்கி விரிப்பதற்கு இன்னும் சில நொடிகள், அவ்வளவுதான். ஸ்ட்ரீமிங் செயலி அப்படி இல்லை. அது ஆட்டத்தைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி அனுப்புகிறது. நடுவில் நின்றுவிடக்கூடாது என்று சில துண்டுகளை முன்கூட்டியே சேர்த்து வைத்துக்கொண்டுதான் ஓட ஆரம்பிக்கிறது. இருபது, முப்பது நொடி பின்தங்குவது அங்கே சாதாரணம்.

முப்பது நொடியில் என்ன போய்விடும்? 2022 டிசம்பர் 18 இறுதி ஆட்டத்தை நினைத்துப்பாருங்கள். இரண்டு கோல் பின்தங்கியிருந்த பிரான்சுக்காக எம்பாப்பே 97 நொடிகளுக்குள் இரண்டு கோல் போட்டுச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தின் கடைசி மூச்சில், 3-3 என்ற நிலையில், பிரான்சின் கோலோ முவானி தனியாக வந்து உதைத்த பந்தை அர்ஜென்டினா கோல்கீப்பர் எமிலியானோ மார்டினெஸ் இடதுகாலை நீட்டித் தடுத்தார். பந்து காற்றில் வந்து இறங்கியதிலிருந்து அந்தத் தடுப்பு வரை சில நொடிகள்தான். பிறகு பெனால்டிகள். முப்பது நொடி பின்தங்கியவருக்கு, உதைப்பவர் நடுக்களத்திலிருந்து நடந்து வரும்போதே கீழ் வீட்டுக் கூச்சல் முடிவைச் சொல்லிவிடும். அர்ஜென்டினா 4-2 என்று வென்ற அந்தக் கணத்தை, யாரோ தூக்கிப் போட்ட மிச்சமாக வாங்கிக்கொள்ள நேர்ந்தவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. நான்கு வருடம் காத்திருந்து பார்க்கிற ஆட்டம் அது.

அதே ஆட்டம் டிஷ்ஷிலோ கேபிளிலோ வருமானால், அந்த ஒரு மாதத்துக்காவது சேனலைப் போட்டுவிடுங்கள். செயலிதான் வழி என்றால், இடையில் ‘பாஸ்’ செய்யாதீர்கள். செய்தால் அந்த நேரமும் தாமதத்தோடு சேர்ந்துகொள்ளும். ‘லைவ்’ பொத்தானை ஒருமுறை அழுத்தி முன்னுக்கு வந்துவிடுங்கள். கைப்பேசியில் ஸ்கோர் செயலிகளின் அறிவிப்பையும் வாட்ஸ்அப் குழுக்களையும் அணைத்து வையுங்கள். அவையும் நம் படத்தை முந்திவிடும். இதையெல்லாம்விட நல்ல வழி, கீழ் வீட்டுக்காரரையே அழைத்துவிடுவது. ஒரே திரை என்றால் ஒரே நேரம். அல்லது நாம் அங்கே போகலாம், ஒரு தூக்குச்சட்டி சுண்டலோடு.

ஐரோப்பாவின் வாரநடு ஆட்டங்களுக்கு வேறொரு நியாயம் உண்டு. குளிர்காலத்தில் சாம்பியன்ஸ் லீக் ஆட்டங்கள் பெரும்பாலும் நமக்கு இரவு ஒன்றரை மணிக்குத்தான் தொடங்கும். பக்கத்து அறையில் அம்மா தூங்குவார், காலையில் பள்ளிக்குப் போகும் பிள்ளை தூங்கும். அப்போது ஹெட்போன்தான். ஆனால் ப்ளூடூத் ஹெட்போனில் ஒலி கொஞ்சம் பிந்தி வரலாம். பந்தை உதைத்த பிறகு உதைத்த சத்தம் கேட்கும். ஒயர் உள்ளதே மேல். இருவர் பார்த்தால் இரண்டாகப் பிரிக்கும் சின்ன ஜாக் ஒன்று மலிவாகவே கிடைக்கும். ட்யூப்லைட்டை அணைத்துவிட்டு, டிவிக்குப் பின்னால் ஒரு மங்கலான விளக்கைப் போடுங்கள். கண் எரியாது, திரையில் வெளிச்சமும் பிரதிபலிக்காது. காபியை முன்பே போட்டு பிளாஸ்க்கில் ஊற்றி வைத்துக்கொள்ளுங்கள். இடைவேளை 15 நிமிடம்தான். அந்த நேரத்தில் பாத்திரத்தை உருட்டினால் வீடே எழுந்துவிடும்.

(அடுத்த வாரம்: மொட்டை மாடியில் திரை கட்டுவது. காற்று, மழை, புரொஜெக்டர், பிறகு அசோசியேஷன் அனுமதி.)