‘போல’ என்பதற்கு 36 சொற்கள்

ஒரு பொருளை மற்றொன்றோடு ஒப்பிட்டுச் சொல்லும்போது இரண்டுக்கும் நடுவில் நின்று ஒப்புமையை உணர்த்தும் ‘போல’, ‘ஒப்ப’, ‘அன்ன’ முதலிய சொற்களை உவம உருபுகள் என்று தமிழ் இலக்கணம் அழைக்கிறது. இன்றைய உரைநடையில் ‘போல’, ‘போன்ற’ என்னும் இரண்டே பெரும்பாலான இடங்களை நிரப்பிவிட, பேச்சில் ‘மாதிரி’யும், சில வட்டாரங்களில் ‘பூனையாட்டம்’ என்பதில் வரும் ‘ஆட்ட’மும் வழங்குகின்றன. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஏழாம் இயலாகிய உவமவியலோ, ஆறாறாக அடுக்கி 36 உருபுகளை எடுத்துச் சொல்லி, அவை போன்ற பிறவும் உண்டு என்று இடம்விட்டும் வைக்கிறது.

ஒருபொருட் பன்மொழி என்ற அளவில் இவற்றைக் கடந்துவிடலாம். ஆனால் ஒவ்வொன்றின் வேர்ப்பொருளையும் நோக்கினால், ஒப்புமை என்பது ஒரே உறவன்று என்பது தெரியவரும். ‘ஒன்ற’, ‘ஒட்ட’, ‘புல்ல’ என்பவை ஒன்றாதல், ஒட்டிக்கொள்ளுதல், தழுவுதல் என்னும் பொருளுடையவையாதலால், ஒத்த பொருள்களை உறவினராகக் காட்டுகின்றன. ‘உறழ’, ‘வெல்ல’, ‘எள்ள’ என்பவை மாறுபடுதல், வெற்றிகொள்ளுதல், இகழ்தல் என்னும் பொருள் தருவதால், அதே பொருள்களைப் போட்டியாளராக்கி எதிரெதிரே நிறுத்துகின்றன. நிலவை வெல்லும் முகம் என்னும்போது முகம் நிலவுக்குச் சமம் என்பதோடு பேச்சு முடிவதில்லை. நிலவு தோற்றும் போகிறது. ‘கள்ள’ என்பதில் ஒரு பொருள் மற்றதன் பண்பைக் களவாடிக்கொள்ள, ‘நடுங்க’, ‘ஓட’ என்பவற்றில் ஒன்றன் முன் மற்றது அஞ்சி நிலைகுலைகிறது. ‘மருள’, ‘வியப்ப’ என்பவையோ பார்ப்பவர் மனத்தைச் சேர்ந்தவை. எது எது என்று தெரியாமல் மயங்குவதும் கண்டு வியப்பதும் அங்கே ஒப்புமைக்குச் சான்றாகின்றன. சண்டை சச்சரவின்றிச் சமத்துவத்தை மட்டும் சொல்ல ‘ஒப்ப’, ‘நிகர்ப்ப’ போன்ற சிலவே எஞ்சுகின்றன. உருபாக வழங்கி வழங்கி இந்த வேர்ப்பொருள்கள் தேய்ந்திருக்கக்கூடும் என்பது உண்மையே. ஆயினும் ஒப்புமையைச் சொல்ல வந்த மொழி இத்தனை வினைச்சொற்களை நாடியிருப்பதைத் தற்செயல் என்று ஒதுக்க இயலாது.

உவமவியல் இந்தச் சொற்களைத் தொகுத்ததோடு நின்றுவிடவில்லை. ஒப்புமை வினை, பயன், மெய், உரு என்னும் நான்கின் அடிப்படையில் பிறக்கும் என்று அது வகுக்கிறது. வினை என்பது செயல். வீரன் புலியைப் போலப் பாய்வது அதற்குச் சான்று. பயன் என்பது விளையும் நன்மை. வள்ளலின் கையை மழைக்கு ஒப்பிடுவது இவ்வகை. மெய் என்பது வடிவையும், உரு என்பது நிறத்தையும் குறிக்கும். இந்நான்கு வகைக்கும் எட்டெட்டு உருபுகள் உரியனவாக ஒதுக்கப்பட்டுள்ளன: ‘மான’, ‘உறழ’ வினைக்கும், ‘கள்ள’, ‘வெல்ல’ பயனுக்கும், ‘கடுப்ப’, ‘புரைய’ மெய்க்கும், ‘போல’, ‘ஒப்ப’ உருவுக்கும் உரியவை. இந்த வரம்புக்குப் புலவர்கள் முற்றிலும் கட்டுப்பட்டதாகத் தெரியவில்லை. ‘அன்ன’ பிற வகைகளிலும் வரும் என்று தொல்காப்பியமே விலக்களிக்கிறது. ‘போல’ இன்று எல்லா வகைக்கும் பொதுவாகிவிட்டது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

பின்னர் வந்த பவணந்தியாரின் நன்னூல், பிறவும் உண்டு என்ற குறிப்போடு, 12 உருபுகளை மட்டுமே பெயர் சொல்லிக் காட்டுகிறது. அந்தச் சுருக்கத்தில் ‘உறழ’ தப்பிப் பிழைக்க, ‘எள்ள’, ‘கள்ள’, ‘வெல்ல’ ஆகிய மூன்றும் இடம்பெறாமற் போயின. மாணவருக்கு இது எளிமைதான். ஆனால் பழைய பட்டியலின் துடிப்பான பகுதி விடுபட்ட அந்தச் சொற்களே.

பெயர்ச்சொற்களிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. ‘நிகர்’ தரத்தையும், ‘ஈடு’ மதிப்பையும் அளக்கும் சொற்கள்; இழந்த பொருளின் மதிப்புக்குத் தரப்படுவது இழப்பீடு எனப்படுவது இதனாலேயே. ‘சாயல்’ தோற்றத்தின் மொத்த ஒப்புமையைக் குறிப்பது. பேரனிடம் தாத்தாவின் சாயல் தெரிவது உறவினால். முன்பின் அறியாத இருவர் ஒரே சாயலில் இருப்பதும் உண்டு என்பதால், ஒப்புமை மட்டுமே உறவுக்குச் சான்றாகாது.

இந்த வேறுபாட்டை உயிரியல் கலைச்சொற்கள் தெளிவாக்குகின்றன. மனிதனின் கை, குதிரையின் முன்னங்கால், திமிங்கலத்தின் துடுப்பு ஆகியவை வேறு வேறு வேலை செய்தாலும், பொதுவான ஒரு மூதாதையிடமிருந்து வந்த ஒரே எலும்பு அமைப்பைக் கொண்டிருப்பதால் அமைப்பு ஒத்த உறுப்புகள் எனப்படுகின்றன. பறவையின் இறக்கையும் பூச்சியின் இறக்கையும் பறத்தல் என்னும் ஒரே வேலையைச் செய்தும் தனித்தனியே தோன்றியவையாதலால், அவை செயல் ஒத்த உறுப்புகள். மெய்யையும் வினையையும் பிரித்த பழைய இலக்கணத்துக்கு உயிர்களின் பரிணாமம் பற்றிய நோக்கம் எதுவும் இல்லை. எனினும், எந்த வகையில் ஒப்பு என்று கேட்காமல் ஒப்புமை பேசக்கூடாது என்னும் முறை இரண்டிலும் ஒன்றே. வௌவாலின் இறக்கையையும் பறவையின் இறக்கையையும் ஒப்பிடும்போது அந்தக் கேள்வி இன்றியமையாததாகிறது: முன்கால்கள் என்ற வகையில் அவை அமைப்பு ஒத்தவை, இறக்கைகள் என்ற வகையில், பறக்கும் திறன் இரண்டிலும் தனித்தனியே தோன்றியதால், செயல் ஒத்தவை.