கடத்தியவனுக்கு ஒரு கடிதம்

லூசி கிறிஸ்டோஃபரின் ‘ஸ்டோலன்’ 2009இல் வந்த டீன் த்ரில்லர். பதினாறு வயது ஜெம்மா, அப்பா அம்மாவோடு பாங்காக் விமான நிலையத்தில் அடுத்த ஃப்ளைட்டுக்குக் காத்திருக்கிறாள். டை என்கிற இளைஞன் காபி வாங்கித் தருகிறான். அதில் மயக்க மருந்து. அவள் தெளிந்து எழும்போது ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் ஒரு தனி வீடு. எந்தப் பக்கம் ஓடினாலும் மணல்தான். ஒருமுறை காரைக் கிளப்பிக்கொண்டு ஓடுகிறாள். அது மணலில் புதைந்து நின்றுவிடுகிறது. தேடி வந்து காப்பாற்றுவதும் அவனேதான்!

விஷயம் என்னன்னா, நாவல் முழுக்க ஜெம்மா அவனுக்கு எழுதும் கடிதம். ஆகவே ‘உயிர் பிழைப்பாளா’ என்ற கேள்வி முதல் பக்கத்திலேயே அடிபட்டுப் போகிறது. பிழைத்த பிறகும் ஏன் இவனோடயே பேசிட்டிருக்கா என்பதுதான் மிச்சம். மனசுக்குள் தமிழில் சொல்லிப் பாருங்கள்: ‘நீ’ என்றுதான் வரும். திட்டவும் கொஞ்சவும் நமக்கு அதே ஓரெழுத்துதான்.

உடனே ‘ஸ்டாக்ஹோம் சிண்ட்ரோம்’ என்பார்கள். 1973 ஆகஸ்டில் ஸ்டாக்ஹோமில் ஒரு வங்கியில் நாலு பேர் ஆறு நாள் பிணைக்கைதிகளாக இருந்தார்கள். கொள்ளையனைவிடப் போலீஸ் உள்ளே பாய்வதற்குத்தான் அதிகம் பயந்தார்கள். போலீசுக்கு ஆலோசகராக இருந்த மனநல மருத்துவர் நில்ஸ் பெயரோட் அதற்கு ஒரு பெயர் வைத்தார். அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலான டிஎஸ்எம்மில் இன்றுவரை அது தனி நோயாக இல்லை. வியன்னாவில் பத்து வயதில் கடத்தப்பட்டு, 1998 முதல் 2006 வரை அடைபட்டிருந்து, தானே தப்பித்த நடாஷா கம்புஷ் இந்த முத்திரையை ஏற்கவில்லை. எனக்கும் அவர் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. சோறு, தண்ணி, வெளிச்சம் எல்லாம் ஒருத்தன் கையில் இருக்கும்போது, அவன் முகத்தைப் படிக்கக் கத்துக்கறது பிழைக்கிற வழி. அதை எப்படி நோய்னு சொல்றது?

நாவலில் எனக்கு உறுத்தியது வேறு. டை அழகன், ஓவியன், சின்ன வயசில் அன்பு கிடைக்காதவன். ஜெம்மாவைப் பாம்பு கடித்ததும், மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்தே சிகிச்சைக்குக் கொண்டு போகிறான். ஆசிரியர் தராசில் ஒரு கையை வைத்துவிட்டார். பத்து வயதிலிருந்தே அவளை அவன் வேவு பார்த்தவன் என்பதும் அதே புத்தகத்தில்தான் இருக்கிறது. அந்தப் பாம்புக்கடி வரும்போது எத்தனை பேருக்கு இது ஞாபகம் இருக்குமோ.

கோர்ட்டில் சாட்சி சொல்ல வேண்டிய நாள் நெருங்கும்போதுதான் ஜெம்மா இந்தக் கடிதத்தை எழுதுகிறாள்.