ஆபீஸில் மென்பொருள் மாறுகிறதா? கலங்க வேண்டாம்!

"நாளையிலிருந்து வேர்டும் எக்ஸெலும் கிடையாதாம். லிப்ரே ஆபீஸாம்! எனக்கு ஒண்ணுமே புரியலை" என்று வீட்டுக்காரரோ, வேலைக்குப் போகும் நாத்தனாரோ முகம் வாடி வந்து உட்கார்ந்தால், முதலில் ஒரு டம்ளர் காபி கொடுங்கள். பயம் மென்பொருளைப் பற்றியதே அல்ல. இருபது வருஷம் கை பழகிய வேலையில், நேற்று வந்த பையன் முன்னால் திணற வேண்டுமே என்பதுதான். பிரசவ விடுப்பு முடிந்து திரும்பும் இளம் தாய்மார்களுக்கு இந்தக் கலக்கம் இரட்டிப்பு.

லிப்ரே ஆபீஸ், 2010-ல் ஓபன் ஆபீஸிலிருந்து பிரிந்து வந்த கட்டற்ற மென்பொருள். காசு கிடையாது, எத்தனை கம்ப்யூட்டரில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். ஆகவே வீட்டிலும் போட்டு, குழந்தை தூங்கிய பிறகு நிதானமாகப் பழகலாம். கடிதத்துக்கு ரைட்டர், கணக்குக்குக் கால்க். பால் கணக்கையும் மளிகைக் கணக்கையும் கால்க்கில் போட்டுப் பாருங்களேன்! கூட்டுவதற்கான 'சம்' சூத்திரம் எக்ஸெலில் இருந்த மாதிரியேதான்.

பட்டன்கள் இடம் மாறியிருப்பதுதான் முதலில் கண்ணைக் கட்டும். 'வியூ' பட்டியலில் 'யூஸர் இன்டர்ஃபேஸ்' போய் 'டேப்டு' என்பதைத் தேர்ந்தெடுத்தால், பழைய வேர்டின் சாயல் வந்துவிடும்.

தலைவலி கோப்பு அனுப்புவதில்தான். இது வழக்கமாக 'ஓடிடி' வகையில் சேமிக்கும். வேர்டு வைத்திருப்பவருக்கு அதை அப்படியே அனுப்பினால் அட்டவணை, வரிகள் இடம் பெயரலாம். அவர் திருத்த வேண்டிய கடிதமானால் 'சேவ் ஆஸ்' கொடுத்து 'டாக்எக்ஸ்' ஆக்கி அனுப்பலாம். படித்தால் போதுமென்றால் பிடிஎஃப். எக்ஸெலில் யாரோ எழுதி வைத்த மேக்ரோக்கள் சில இங்கே ஓடாது. அதை முதல் நாளே அதிகாரியிடம் சொல்லிவிடச் சொல்லுங்கள். மாதக் கடைசியில் சம்பளப் பட்டியல் நின்றுபோனால், பழி டைப் அடிப்பவர் தலையில்தானே விழும்!

அதிகாரிகளும் அவசரப்படக் கூடாது. பிரான்ஸின் ஜான்தார்மரி போலீஸ் படை 2005-ல் ஆபீஸ் மென்பொருளை மாற்றத் தொடங்கியது. அது கை பழகிய பிறகே, 2008-லிருந்து விண்டோஸுக்குப் பதில் உபுண்டுவைக் கொண்டுவந்தது. மருமகள் வந்த மறுநாளே அடுப்பங்கரையை முழுசாக மாற்றி வைத்தால், மாமியாருக்கு உப்பு டப்பா அகப்படுமா?

சொல்லிக் கொடுக்கும்போது மௌஸை மட்டும் பிடுங்காதீர்கள். அது அவர் கையிலேயே இருக்கட்டும். எது எங்கே என்று துண்டுச் சீட்டில் எழுதி, மானிட்டர் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளட்டும். பட்டியல்களையே தமிழில் வைத்துக்கொள்ளவும் வழி உண்டு. ஆனால் பக்கத்து மேஜைக்காரர் ஆங்கிலத்தில் வைத்திருந்தால், சந்தேகம் கேட்க அது தோதுப்படாது.